ஹாலில் பாட்டுக் கேட்க: சவுண்ட்பாரா, ஜோடி ஸ்பீக்கரா?

எங்கள் வீட்டு ஹால் பத்தடிக்குப் பதினாலடி. டைல்ஸ் தரை. மூன்று பக்கம் வெறும் சுவர், நான்காவது பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். கடந்த ஆறு வருடத்தில் இதே ஹாலில் மூன்று விதமான செட்டை வைத்துக் கேட்டிருக்கிறேன். முதலில் டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றைப் பெட்டியான சவுண்ட்பார், அதோடு வந்தது அடிச்சத்தத்துக்கான தனிப்பெட்டி சப்வூஃபர். அப்புறம் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் ஜோடி. நடுவில் மூன்று மாதம், அக்கா வீடு மாறியபோது எங்களிடம் விட்டுவைத்த தனி ஆம்ப்ளிஃபையரும், அலமாரித் தட்டில் அடங்கும் அளவிலான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும். பாட்டுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சவுண்ட்பார் வேண்டாம் என்பேன்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிவிக்கு அது அருமையான சாமான். டிவியின் சத்தத்தைப் பாருக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ ஏஆர்சி வயர் ஒன்று போதும், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும், குறையும். வசனம் தெளிவாகக் கேட்கும். காது மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம்.

பாட்டு என்று வரும்போதுதான் சங்கடம். ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டு, தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டேன். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலைச் சொற்கள் டிவிக்குக் கீழிருந்து வந்தன. இடது முகமான தொப்பியின் ஆழ்ந்த கும்கி நாதம், சப்வூஃபர் இருந்த சோபா பக்கத்து மூலையிலிருந்து வந்தது. ஒரே மிருதங்கத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருந்தது. காரணம் எளிது. ஒல்லியான பாருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களால் அடி ஸ்வரங்களைத் தள்ள முடியாது. அதனால் விலை குறைந்த மாடல்களில் 150 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 150 அதிர்வு), சிலவற்றில் அதற்கும் மேலே வரை எல்லாவற்றையும் சப்வூஃபரிடம் தள்ளிவிடுகிறார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டுமானால், அந்த எல்லை 80 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பது நல்லது. ஆண் குரலின் அடிப்பகுதியும் இப்படித்தான் மூலைக்குப் போய்விடுகிறது.

இன்னொரு குறை அகலம். 1931-இல் இங்கிலாந்தில் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன், இடம் வலம் பிரித்துக் கேட்கும் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை: இரண்டு காது, இரண்டு ஸ்பீக்கர், நடுவே போதிய இடைவெளி. மூன்றடி நீளப் பெட்டிக்குள் இடதையும் வலதையும் அடைத்துவிட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் கேட்கும்.

பவர்டு ஸ்பீக்கருக்கு வருவோம். நான் வாங்கியது எடிஃபையர் ஆர்1280டிபி. அடிச்சத்தத்துக்கான வூஃபர் நான்கு அங்குலம், 42 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. ஆம்ப்ளிஃபையர் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, அதிலிருந்து மற்றதற்கு ஒரு வயர். ப்ளூடூத்தும், ஆப்டிகல், ஆர்சிஏ என்ற வயர் இணைப்புகளும் உண்டு. ‘42 வாட்தானா?’ என்று வீட்டுக்கு வந்தவர் கேட்டார். ஒரு காலத்தில் அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ (கண நேர உச்ச சக்தி) வாட் அச்சடித்து விற்ற பழக்கம் இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை. அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது, ஆர்எம்எஸ்ஸை மட்டும் பாருங்கள். இந்த அளவு ஹாலில் நிதானமாகக் கேட்கும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் தேவைப்படாது. வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

இரண்டையும் ஆறடி தள்ளி வைத்து, உச்ச ஸ்வரங்களுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது மட்டத்தில் வருகிற மாதிரி ஸ்டூல் போட்டு, நானும் அதே ஆறேழடி தூரத்தில் உட்கார்ந்தேன். பாடகர் நடுவில் வந்துவிட்டார். அங்கே ஸ்பீக்கரே இல்லை, வெறும் சுவர்தான். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறு பக்கம், தம்புரா எல்லோருக்கும் பின்னால். கண்ணை மூடினால் கை நீட்டிக் காட்டலாம். சப்வூஃபரின் அதிர்வு இதில் கிடையாது. குத்துப்பாட்டுக்கு நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பவருக்கு இது குறையாகத்தான் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் செட் இதைவிட நன்றாக இருந்ததா? இருந்தது. ஐந்தங்குல வூஃபர் கொஞ்சம் கூடுதல் கனம் கொடுத்தது, சத்தத்தைக் கூட்டினாலும் குரல் கூசவில்லை. ஆனால் செலவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அந்த மூன்று மடங்கு காதுக்குக் கேட்கவில்லை. அதன் உண்மையான லாபம் ஆயுள். என் சவுண்ட்பாரில் மூன்றாவது வருடம் போர்டு போனது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால், ‘போர்டு வர்றதில்லை சார், புதுசு வாங்கிக்குங்க’ என்றார்கள். தனி செட்டில் ஆம்ப்ளிஃபையர் போனால் அதை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கர் அப்படியே இருக்கும். ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பாருங்கள். ரப்பராக இருந்தால் நல்லது. ஃபோம் நம் வெயிலிலும் புழுக்கத்திலும் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பழைய ஸ்பீக்கரை விலை பேசும் முன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ப்ளூடூத்தா வயரா என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பின்னணியில் ஓட ப்ளூடூத் போதும், உட்கார்ந்து கேட்க வயர். கரண்டைச் சீரான அலையாகத் தராத பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் போனதும் ஸ்பீக்கர் ‘கொர்’ என்று இரையலாம். அது ஸ்பீக்கர் கோளாறு இல்லை.

பெட்டிக்குச் செலவழிப்பதற்கு முன்னால் அறையைக் கவனியுங்கள். ஹாலின் நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டினேன், ‘டிர்ர்’ என்று எதிரொலித்தது. அந்த எதிரொலி ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டால் எந்த ஸ்பீக்கரும் தெளிவாகப் பாடாது. பரணிலிருந்த கனத்த ஜமக்காளத்தை ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் விரித்தேன், ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டேன். பாடலின் வார்த்தைகள் தனித்தனியாகப் பிரிந்தன. ஷோகேஸுக்குள் மட்டும் ஸ்பீக்கரை வைக்காதீர்கள். பெட்டிக்குள் பெட்டி, அடிச்சத்தம் குமுறும், கண்ணாடியும் கூடச் சேர்ந்து பாடும். சுவரிலிருந்து ஒரு அடியாவது முன்னால் இழுத்து வையுங்கள்.

ஒரே பட்ஜெட், டிவிக்கும் அதுவே வேண்டும் என்றாலும் என் ஓட்டு பவர்டு ஜோடிக்குத்தான். ஆப்டிகல் வயரில் டிவியோடு சேர்த்துவிட்டேன். அம்மா சீரியல் பார்ப்பதும் அதில்தான். ரிமோட் இரண்டாகிவிட்டது என்பது மட்டும் அவருக்கு இன்னும் குறை.