இருங்காட்டுக்கோட்டை பேடாக்கில் உதிரிபாகம் வாங்குவோர் கவனத்திற்கு

இருங்காட்டுக்கோட்டை களத்தில் சொந்தச் செலவில் பைக் பந்தயம் ஓட்டுபவர்களும், அவர்களுக்குப் பின்னால் ஸ்பேனரோடு நிற்கும் அண்ணன் தம்பிகளும் நண்பர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். சனிக்கிழமை விழுந்த பைக்கை ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் ஓட வைத்தாக வேண்டும் என்று தவிப்பவர்களை பேடாக்கில் (களத்துக்குப் பின்னால் அணிகள் கூடாரம் போட்டு பைக்கைத் தயார் செய்யும் இடம்) தேடி வந்து, வளைந்ததை நிமிர்த்தியும் உடைந்ததை ஒட்டியும் வைத்திருக்கும் பாகங்களைக் ‘கம்பெனி பீஸ்’ என்று விற்கும் ஒருவரிடம் நாங்கள் ஏமாந்தோம். புகார் நடவடிக்கையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பந்தய வார இறுதிகளில் பைக்கை வாடகைக்கு விடுவதும் புதியவர்களுக்கு மெக்கானிக் வேலை பார்த்துக் கொடுப்பதும் அவருடைய தொழில் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

என் தம்பி யமஹா ஆர்15 ஓட்டுகிறான். தகுதிச் சுற்றில் வலப்பக்க வளைவொன்றில் முன்சக்கரம் நழுவி, பைக் வலது பக்கமாகச் சாய்ந்து சறுக்கிக்கொண்டே போய் ஓரத்து மண்ணில் ஒருமுறை புரண்டது. தம்பிக்குச் சிராய்ப்போடு போயிற்று. பைக்கில் வலது கிளிப்-ஆன் (ஃபோர்க்கை வளையத்தால் கவ்வி நிற்கும் கைப்பிடித் துண்டு) உள்ளே மடங்கி, முன் பிரேக் லீவர் முறிந்து, வலது ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும், ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் குழாய்கள்) லேசாக வளைந்து, தரையில் உரசிய கிளட்ச் கவரில் (இன்ஜினின் வலப்பக்க மூடி) விரல் நீளத்துக்கு விரிசல் விழுந்திருந்தது. வலப்பக்கமாக விழுந்தால் ஆர்15-இல் முதலில் அடிபடுவது இந்தக் கவர்தான். அதற்குள்ளே இன்ஜின் ஆயில் இருக்கிறது.

எல்லாருக்கும் ஒரே மாடல் பைக்கை நிறுவனமே கொடுத்து நடத்தும் ஒன்-மேக் பந்தயங்களில் இந்தச் சிக்கல் வருவதில்லை. அவர்களுடைய லாரியிலேயே பாகங்கள் வந்துவிடும். உடைத்ததற்கான பணத்தைக் கட்டினால் போதும். தனியாக ஓட்டுபவருக்கு அப்படிப்பட்ட லாரி கிடையாது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சென்னைக்குள் வர ஏறக்குறைய 40 கி.மீ. சனிக்கிழமை மாலை ஷோரூம்களின் பாகக் கவுண்டரை மூடிவிடுகிறார்கள். ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு திறப்பதில்லை. புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரவு முழுவதும் பைக்கைப் பிரித்துப் போட்டு வைத்துக்கொண்டு அங்கே அலைய ஆள் வேண்டும். இந்த நெருக்கடி முழுவதும் தெரிந்த ஒருவர்தான் நம்முடைய கூடாரத்துக்கு வந்து, ‘என்னண்ணே, என்னென்ன போச்சு?’ என்று கேட்கிறார்.

எங்களிடமும் அப்படித்தான் வந்தார். ஃபோர்க் ஒன்று, அலுமினிய கிளிப்-ஆன் ஒன்று, கேஸ்கெட்டோடு கிளட்ச் கவர் ஒன்று என மூன்றையும் தன் வேனிலிருந்து எடுத்து வந்து தந்தார். ‘ஷோரூம் வண்டியில நேத்துதான் கழட்டினது, ஆயில் சீல்கூட புதுசு’ என்றார். மூன்றுக்கும் சேர்த்து 11,000 ரூபாய். பழைய பாகங்களுக்கு இது மிகவும் அதிகம். ஃபோர்க்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, ‘பிரிச்சா நீங்களே வச்சுக்கணும், பக்கத்து டீம் கேட்டுக்கிட்டு இருக்காங்க’ என்று பதில் வந்தது. பில் கேட்டபோது திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். ஜிபேயில் பணம் போன கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. அந்தப் பெயர் யாருடையது என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஸ்க்ருட்டினியில், அதாவது அதிகாரிகள் செய்யும் பைக் பரிசோதனையில், முதல் பொருள் பிடிபட்டது. விழுந்த பைக்கை மறுபடியும் பரிசோதனைக்குக் காட்டித்தான் களத்தில் இறக்க வேண்டும். பரிசோதித்த அதிகாரி கிளிப்-ஆனைக் கையால் தடவியவர், ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கும் வளையத்தின் மேல் விரலை நிறுத்தினார். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அங்கே கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டியதும், அடியில் வெல்டிங் தழும்பு அரிசி அரிசியாகத் தெரிந்தது. வளையம் வெடித்து, அதை வெல்டு வைத்து, அரத்தால் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அலுமினிய ஹேண்டில்பாரை வெல்டிங் செய்து பயன்படுத்தக் கூடாது என்று மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கான உலக அமைப்பான எஃப்.ஐ.எம். விதியே தடை செய்கிறது. வெல்டிங் சூட்டில் அலுமினியம் அந்த இடத்தில் வலுவிழந்து போகும் என்பதும், பிரேக் பிடிக்கும்போது ஓட்டுபவரின் உடல் எடையில் பெரும்பங்கு கைகள் வழியாக அந்த வளையங்களின் மேல் இறங்கும் என்பதும் இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். விற்றவருக்கும் தெரியும்.

அந்தக் காலையில் தம்பியை ஓட வைத்தவர்கள், அதே வகுப்பில் அவனோடு போட்டி போடும் வேறொரு அணியினர். தங்களுடைய மாற்றுக் கிளிப்-ஆனையும் பிரேக் லீவரையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு பைசா வாங்க மறுத்துவிட்டார்கள். பேடாக்கில் இது புதிதல்ல. உதவி கேட்கக் கூச்சப்படாதவனுக்கு அங்கே பாகம் கிடைக்கும். வேன்காரரிடம் போவதற்கு முன் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது கிளட்ச் கவர். கூடாரத்தில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே வரவில்லை. பந்தயம் தொடங்கி இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு கசிய ஆரம்பித்தது. களத்தோரம் கண்காணிக்கும் ஒரு மார்ஷல் கவனித்துத் தகவல் சொல்ல, நடுவில் செம்மஞ்சள் வட்டம் போட்ட கறுப்புக் கொடியைத் தம்பியின் எண்ணோடு காட்டினார்கள். இயந்திரக் கோளாறு, உடனே களத்தை விட்டு வெளியேறு என்பது அதன் பொருள். ஃபேரிங்கின் (பைக்கை மூடியிருக்கும் வெளிக்கூடு) அடித்தட்டு ஆயிலின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. இன்ஜினில் உள்ள ஆயில், கூலன்ட் மொத்த அளவில் குறைந்தது பாதியையாவது தாங்கும்படி அடித்தட்டு இருக்க வேண்டும் என்ற விதியைச் சிலர் தேவையற்ற கெடுபிடி என்பார்கள். அது இல்லாவிட்டால் அந்த ஆயில் தம்பியின் பின்டயரிலும், அவனுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளின் பாதையிலும் போயிருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. கவரைக் கழற்றி பெட்ரோலில் கழுவியதும், உட்புறம் விரிசலின் நீளத்துக்கு எபாக்சி பசை பூசி மேலே கறுப்பு ஸ்ப்ரே அடித்திருந்தது பளிச்சென்று தெரிந்தது. பசை ஒரு முனையில் உரிந்து சுருண்டிருந்தது.

மூன்றாவது, ஃபோர்க். பந்தயத்துக்கு முந்தைய வார்ம்-அப் ஓட்டத்திலேயே தம்பி, பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் இறங்காமல் முட்டி நின்று பிறகு திடீரென்று இறங்குகிறது என்று சொன்னான். ஒர்க் ஷாப்பில் பிரித்து, உட்குழாயை இரண்டு வி-பிளாக்குகளின் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கு கட்டைகள்) மேல் வைத்து, வளைவை முள்ளால் அளந்து காட்டும் டயல் கேஜ் பொருத்திச் சுழற்றியபோது முள் அரை மில்லிமீட்டரைத் தாண்டியது. யமஹா சர்வீஸ் மேனுவல்கள் இதற்குக் கொடுக்கும் எல்லை 0.2 மி.மீ. வளைந்த குழாயை நிமிர்த்த முயலக் கூடாது, அது ஆபத்தான அளவுக்கு வலுவிழந்துவிடும் என்றும் அதே மேனுவல் எச்சரிக்கிறது. எங்களுக்கு விற்ற குழாயில் ஜாக்கி வைத்து அழுத்திய அடையாளமாக குரோமில் ஒரு பக்கம் மங்கலான தட்டை இருந்தது. வேனின் டோம் லைட் வெளிச்சத்தில் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ‘புது சீல்’ என்றதும் பொய். சீலின் உதடு கடினப்பட்டுப் போயிருந்தது.

களத்திலேயே வாங்கியாக வேண்டிய நிலை வந்தால், பெரிய கருவி எதுவும் இல்லாமல் சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஃபோர்க்கை முழுவதும் நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்குழாயைக் கையால் சுழற்றுங்கள். வளைவு இருந்தால் அதன் நுனி வட்டமிடும். வெறும் குழாயாகத் தந்தால் கண்ணாடித் தகட்டில் உருட்டி, கீழே செல்போன் வெளிச்சம் காட்டினால் இடைவெளி தெரிந்துவிடும். கவரிலும் கிளிப்-ஆனிலும் பெயின்ட் புதிதாக மின்னினால், தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். விரிசல் சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூள் தூவுங்கள். விரிசலுக்குள் இருக்கும் மண்ணெண்ணெய் வெளியே ஊறி, தூளின் மேல் கோடாகத் தெரியும். இவற்றைச் செய்ய விடாதவரிடம் பிரேக் லீவர், ஃபுட்பெக் போன்ற கண்ணுக்குத் தெரியும் சாமான்களைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். ஃபோர்க், கிளிப்-ஆன், இன்ஜின் கவர் ஆகிய மூன்றையும் சீசன் தொடங்கும் முன்பே ஷோரூமில் பில்லோடு வாங்கி வைத்துக்கொள்வது, நாங்கள் இழந்த தொகையோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

விற்றவரைப் போனில் அழைத்தபோது, ‘ரேஸ் பார்ட்ஸுக்கு ஏதுண்ணே கேரண்டி?’ என்றார். பிறகு எடுப்பதே இல்லை. பேடாக்கில் தனியார் செய்யும் விற்பனைக்குப் போட்டி அமைப்பாளர்கள் பொறுப்பாக மாட்டார்கள் என்றாலும், ஸ்க்ருட்டினியில் கிளிப்-ஆன் நிராகரிக்கப்பட்டதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தாள்களைத் தயார் செய்து வருகிறேன். பில் இல்லாத நிலையில் கைகொடுப்பவை ஜிபே ரசீதும், பாகங்களைத் தரும்போது அவரே அனுப்பிய வாட்ஸ்அப் படங்களும்தான். ஆகவே பேரத்தைப் போனில் பேசி முடிக்காமல் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த சீசனில் வேனிலிருந்து கிளிப்-ஆன் வாங்கி மாட்டியிருப்பவர்கள், அடுத்த முறை களத்தில் இறங்குவதற்கு முன் அதைக் கழற்றி வளையத்தின் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள். தழும்பு தெரிந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.