ஜி.பி.யா, கே.ஆர். நாராயணனா: தூதராக இருந்து துணைவேந்தரான இருவர்

பழைய ராஜிந்தர் நகரில் அறை எடுத்து சிவில் சர்வீஸுக்குப் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்கு ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) மேல் ஒரு கண். முதலில் தூதர், அப்புறம் ஒரு பல்கலைக்கழகம், கூடவே புத்தகங்கள் என்று கனவு காண்பவர்களுக்கு டெல்லியிலேயே இரண்டு முன்னோடிகள் உண்டு. ஜி.பி. என்கிற ஜி. பார்த்தசாரதி, பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன். இருவரும் ஜே.என்.யு. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) துணைவேந்தர்களாக இருந்தவர்கள். இவர்களில் யாரைப் பின்பற்றலாம்?

ஜி. பார்த்தசாரதி சென்னைக்காரர். நேரு அமைச்சரவையில் இருந்த கோபாலசுவாமி ஐயங்காரின் மகன், 'தி இந்து'வில் வேலை பார்த்தவர். சீனா, பாகிஸ்தான், ஐ.நா. என்று இருந்துவிட்டு 1969-ல் ஜே.என்.யு.வின் முதல் துணைவேந்தரானார். அங்கே ஐந்து வருடம். ஒரு பல்கலைக்கழகத்தின் குணம் முடிவாவது அந்த முதல் சில வருடங்களில்தான். ரொமிலா தாப்பரும், வெளியுறவு அமைச்சகத்தில் இருந்த எஸ். கோபாலும் வரலாற்றுத் துறைக்கு வந்தது அப்போதுதான். மாணவர்கள் இன்றும் மாலையில் போய் உட்காரும் பாறைமேட்டுக்கு அவர் பெயர்தான்.

நாராயணன் இந்த விஷயத்தில் பின்தங்குகிறார். 1976-ல் பெய்ஜிங்கிற்குத் தூதராகப் போனவர், 1979-ல் துணைவேந்தரானார். மறு வருடமே வாஷிங்டனுக்குத் தூதராகப் போய்விட்டார். அதற்குள் யார்தான் என்ன செய்துவிட முடியும்?

எழுத்து என்று வந்தால் தராசு மாறுகிறது. நாராயணன் கட்டுரைத் தொகுப்புகளாவது தந்தார். ஜி.பி. இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு அந்நாட்டு ஜனாதிபதி ஜெயவர்த்தனேவுடன் பேச்சு நடத்தியவர். தன் வரலாற்றை எழுதாமலே போய்விட்டார். தமிழர்களுக்கு அது பெரிய நஷ்டம். எழுத்தில் இருவரையும் தாண்டியவர் கே.எம். பணிக்கர். சீனத் தூதராக இருந்த அனுபவத்தைப் புத்தகமாக்கியவர், மைசூர் துணைவேந்தராக இருந்தபோது 1963-ல் இறந்தார்.

என் ஓட்டு ஜி.பி.க்கே. ஆனால் ராஜிந்தர் நகர் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம்: ஜி.பி., நாராயணன் இருவருமே நேரு காலத்தில் நேரடியாகப் பணிக்கு எடுக்கப்பட்டவர்கள். இன்று அந்தக் கதவு கிடையாது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியோ துணைவேந்தர் பதவிக்கு 10 வருடப் பேராசிரியர் அனுபவமோ அதற்கு நிகரான கல்வி நிர்வாக அனுபவமோ கேட்கிறது. பொது நிர்வாகத்தில் இருந்தவர்களும் வரலாம் என்று 2025 ஜனவரியில் ஒரு வரைவு வந்தது. அதற்குத் தமிழ்நாடு அரசே எதிர்ப்புத் தெரிவித்தது.