அசெம்பிளா, ப்ராண்டடா, ரிஃபர்பிஷ்டா, மினி பிசியா? வீட்டுக்கும் சின்ன ஆபீஸுக்கும் எந்த டெஸ்க்டாப்

டெஸ்க்டாப் வாங்கணும்னு யார் கேட்டாலும் பேச்சு நேரா ஐ5ஆ ஐ7ஆன்னுதான் ஆரம்பிக்குது. வீட்டு வேலை, டேலி, எக்செல், ஜிஎஸ்டி ஃபைலிங், பசங்க ஆன்லைன் கிளாஸ் இதுக்கெல்லாம் இன்னிக்கு வர்ற புது ப்ராசஸர் எதுவும் தாராளமா போதும், அதுல மண்டைய உடைச்சுக்க வேண்டாம். நான் பாக்கறது வேற. ஒரு திங்கக்கிழமை காலைல மெஷின் ஆன் ஆகலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க, எத்தனை நாள்ல சரியாகும், அந்த பார்ட் உங்க ஊர்லயே கிடைக்குமா? இருக்கற வழி எல்லாத்தையும் இந்தக் கேள்விய வெச்சுதான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடப் போறேன். கேமிங்குக்கும் பெரிய வீடியோ வேலைக்கும் கணக்கே வேற, அத இதுல சேர்க்கல.

முதல்ல அசெம்பிள். சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் பக்கம் போனா ஒரு மதியத்துல கண்ணு முன்னாடியே மாட்டிக் கொடுத்துடுவாங்க, மத்த ஊர்லயும் தெரிஞ்ச கடை ஒண்ணு ரெண்டு இருக்கும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ரெண்டு வழி நல்லா ஒத்து வருது. ஒண்ணு இன்டெல் ஐ3-12100, நாலு கோர் எட்டு த்ரெட், ஹெச்610ங்கற மதர்போர்டுல போட்டா செலவு கையக் கடிக்காது. இன்னொண்ணு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, ஆறு கோர் பன்னெண்டு த்ரெட், உள்ளயே இருக்கற கிராஃபிக்ஸும் இன்டெல்லைவிட நல்லா இருக்கும், ஆனா அதுக்கு ஒத்த 16 ஜிபி ராம் குச்சிக்கு பதிலா ரெண்டு 8 ஜிபி குச்சி போடணும், ஏன்னா அந்த கிராஃபிக்ஸ் தனி மெமரி இல்லாம ராமையேதான் நம்பி ஓடுது. இன்டெல்ல நம்பருக்குப் பின்னாடி எஃப்னு இருந்தா (12100எஃப் மாதிரி) கிராஃபிக்ஸே கிடையாது, தனியா கார்டு போட்டாத்தான் மானிட்டர்ல படம் வரும், விலை கம்மின்னு எடுத்துட்டு வந்து முழிக்கறவங்க உண்டு.

அசெம்பிள்ல பெரிய ப்ளஸ், உள்ள இருக்கற எல்லாமே பொது அளவு. எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ள இருக்கற பவர் சப்ளை பெட்டி, போச்சுன்னா பக்கத்து கடைல இன்னொண்ணு வாங்கி அன்னிக்கே மாட்டிடலாம், ராமும் அப்படித்தான். பார்ட்டு பார்ட்டா வாரண்டி தனித்தனியா வரும், பாக்ஸோட வாங்கற இன்டெல் ப்ராசஸருக்கு மூணு வருஷம், ராமுக்கு அதைவிட நீளமாவே குடுக்கறாங்க. ஆனா அந்த வாரண்டிய வாங்க அலையறது நீங்கதான், இல்லன்னா கடைக்காரர் நல்ல மனுஷனா இருக்கணும், போர்டு சர்வீஸ் சென்டருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் மெஷின் சும்மாதான் கெடக்கும். மிச்சம் பிடிக்கறேன்னு கேபினெட்டோட சேந்து வர்ற பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் வெச்சு ஓட்டாதீங்க. கரண்டு ஏறி இறங்குற ஊர்ல முதல்ல போறது அதுதான், சும்மாவும் போகாம போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேத்து இழுத்துட்டு போகும். நல்ல கம்பெனி 450 வாட் யூனிட் தனியா கேட்டு வாங்குங்க, அந்த வித்தியாசத்த ப்ராசஸர்ல குறைச்சாலும் பரவால்ல.

இதுக்கு எதிர்ல ப்ராண்டட் புது மெஷின், டெல், ஹெச்பி, லெனோவோ. இவங்ககிட்ட காசு குடுக்கறது ரெண்டு விஷயத்துக்கு, ஒண்ணு ஒரிஜினல் விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் மெஷினோடவே வருது, இன்னொண்ணு ஆன்சைட் வாரண்டி, கம்ப்ளெயின்ட் போட்டா ஆளு பார்ட்டோட உங்க இடத்துக்கு வருவாரு. பில்லிங் கவுண்டர், ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக் ரிசப்ஷன் மாதிரி ஒரு நாள் நின்னாலும் வருமானம் நிக்கற இடத்துக்கு இதுக்கு ஈடு எதுவும் இல்ல. பிஸினஸ் மாடலா மூணு வருஷ ஆன்சைட்டோட கேட்டு வாங்கணும், ஷோரூம்ல வீட்டுக்குன்னு விக்கற மாடல்ல பல நேரம் ஒரு வருஷம்தான் இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க பின்கோடுக்கு ஆன்சைட் உண்டான்னு எழுத்துல கேட்டுக்குங்க, ஜில்லா தலைநகரத்துல வர்ற சர்வீஸ் எல்லா ஊருக்கும் அதே வேகத்துல வராது.

ப்ராண்டட்ல தொல்லை ஆரம்பிக்கறதே வாரண்டி முடிஞ்சப்பறம்தான். நிறைய மாடல்ல எஸ்எம்பிஎஸ் அவங்க சொந்த அளவு, கனெக்டரும் தனி, போர்டும் அந்த கேபினெட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். கடைல சாதா எஸ்எம்பிஎஸ் வாங்கிட்டு வந்து திறந்து பாத்தா ப்ளக்கே உக்காராது. அசெம்பிள்ல ஒரு மணி நேர வேலை இங்க ஆன்லைன்ல தேடி ஆர்டர் போட்டு காத்திருக்கற வேலையா மாறிடுது.

இப்ப ரிஃபர்பிஷ்டு. இதப் பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏன்னா இங்கதான் நல்ல பொருளும் ஏமாத்து வேலையும் பக்கத்து பக்கத்துல கிடைக்குது. ஐடி கம்பெனிங்க மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு மொத்தமா தள்ளிவிடற ஆஃபீஸ் மெஷின்தான் இது, டெல் ஆப்டிப்ளெக்ஸ், ஹெச்பி ப்ரோடெஸ்க், எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். ஏசி ரூம்ல நல்ல கரண்டுல ஓடினது, கட்டுமானமும் கெட்டி, புதுசுல பாதி விலைக்கும் கீழ கிடைக்குது. அதுவும் 2025 கடைசிலேருந்து ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரிய அள்ளிட்டுப் போறதுல ராம் விலை தாறுமாறா ஏறிப்போச்சு, க்ரூஷியல்னு வீட்டு உபயோகத்துக்கு ராம் வித்துட்டிருந்த மைக்ரான் கம்பெனியே 2025 டிசம்பர்ல அந்த வியாபாரத்த விட்டு வெளிய போறோம்னு அறிவிச்சுட்டாங்க. இந்த நிலைமைல 16 ஜிபி ஏற்கனவே உள்ள இருக்கற பழைய மெஷினுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும், அசெம்பிள் பண்ணப் போனா அந்த ராமுக்கே தனியா ஒரு தொகை எடுத்து வெக்கணும்.

ஆனா ப்ராசஸர் எந்த ஜெனரேஷன்ங்கறதுல விட்டுக்குடுக்கவே கூடாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11 முறைப்படி ஓடணும்னா இன்டெல்ல 8வது ஜெனரேஷன், ஏஎம்டில ரைசன் 2000 சீரிஸ்லேருந்து மேல இருக்கணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் இருக்கணும். கடைல "ஐ7 சார், 16 ஜிபி, விண்டோஸ் 11 போட்டே குடுக்கறோம்"னு சொல்லுவாங்க, ஸ்டிக்கர்ல ஐ7ன்னு மட்டும் இருக்கும், உள்ள போய்ப் பாத்தா ஐ7-4770, அது 2013ல வந்தது. செக்கிங்க பைபாஸ் பண்ணி விண்டோஸ் 11 ஏத்திடலாம்தான், ஆனா அப்டேட் தொடர்ந்து வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி குடுக்கறதில்ல, பேங்கிங்கும் ஜிஎஸ்டியும் பாக்கற மெஷின்ல அந்த ரிஸ்க் எதுக்கு? ப்ராசஸர் பேர்ல இருக்கற சின்னக் கோட்டுக்கு (-) அப்புறம் வர்ற நம்பரப் பாருங்க, 4770ன்னா 4வது, 6500ன்னா 6வது, 8500ன்னா 8வது, 12100ன்னா 12வது. ஐ5-8500 ஆறு கோர், இன்னிக்கும் ஆபீஸ் வேலைக்கு சளைக்காது, வேகத்துல அந்த பழைய ஐ7 இதுகிட்ட நிக்காது. மாடல் பேரையும் ஞாபகம் வெச்சுக்கலாம்: ஆப்டிப்ளெக்ஸ்ல 3050 வேண்டாம், 3060லேருந்து எடுங்க, எலைட்டெஸ்க் 800ன்னா ஜி4லேருந்து, திங்க்சென்டர்ல எம்710 வேண்டாம், எம்720லேருந்து.

கடைல நின்னு பாக்க வேண்டியது என்னன்னா, சைடு கவரத் திறக்கச் சொல்லுங்க, ஆபீஸ் மெஷின்ல பெரும்பாலும் ஸ்க்ரூ ட்ரைவரே வேண்டாம், ஒரு லாட்ச்ச இழுத்தா கழண்டு வந்துடும். ப்ராசஸர் சூட்ட இழுக்கற ஹீட்சிங்க் இடுக்குல தூசி அப்பி இருந்தா கழுவித் துடைச்சு ரிஃபர்பிஷ் பண்ணோம்னு சொன்னது வெறும் வாய் வார்த்தை. ப்ளக்க புடுங்கிட்டு கொஞ்ச நேரம் விட்டு திரும்ப ஆன் பண்ணி தேதி பாருங்க, பின்னாடி போயிருந்தா போர்டுல இருக்கற காசு சைஸ் செல் தீந்துபோச்சு, சிஆர்2032, அது பெரிய செலவு இல்ல, ஆனா அதக்கூட மாத்தாதவங்க வேற எதைப் பாத்திருப்பாங்க? கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற சாஃப்ட்வேர ஓட்டி எஸ்எஸ்டி (டேட்டா இருக்கற டிஸ்க்) ஹெல்த் எத்தனை பெர்சன்ட், எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க. பேர் தெரியாத புது எஸ்எஸ்டி போட்டிருந்தா அத நான் நம்ப மாட்டேன், நல்ல கம்பெனி எஸ்எஸ்டி ஒண்ணு தனியா வாங்கிப் போட்டுக்குவேன். டெல் மெஷின்னா அதுல ஒட்டியிருக்கற சர்வீஸ் டேக் நம்பர அவங்க சப்போர்ட் சைட்ல அடிச்சா எப்ப ஷிப் ஆச்சுன்னு வந்துடும். கடைசியா செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பாருங்க, ஒழுங்கான கம்பெனி மெஷின்ல ஒரிஜினல் விண்டோஸ் ப்ரோ கீ போர்டுலயே பதிஞ்சிருக்கும், திருட்டு ஆக்டிவேட்டர் போட்டு குடுத்தா அந்த கடையே வேண்டாம்.

ரிஃபர்பிஷ்டுலயும் டவர், எஸ்எஃப்எஃப்னு சொல்ற ஒல்லி கேபினெட், மைக்ரோன்னு சொல்ற குட்டிப் பெட்டின்னு மூணு சைஸ் வரும். ப்ராண்டட்ல சொன்ன அதே எஸ்எம்பிஎஸ் பிரச்சனை டவர்லயும் ஒல்லிலயும் உண்டு. மைக்ரோல அது இல்ல, லேப்டாப் மாதிரி அடாப்டர் வெளிய இருக்கு, போச்சுன்னா அதுக்குப் பொருந்தற அதே வாட்ஸ் அடாப்டர் சுலபமா கிடைக்கும். ராம் மட்டும் லேப்டாப் குச்சி. என்னைக் கேட்டா வீட்டுக்கு இந்த 8வது ஜெனரேஷன் மைக்ரோதான் முதல் சாய்ஸ், மானிட்டர் பின்னாடியே மாட்டிடலாம், சத்தமும் அவ்வளவா இல்ல.

இந்த மைக்ரோவுக்கு நேர் போட்டி புது மினி பிசி, இன்டெல் என்100 ப்ராசஸர் போட்டு நிறைய கம்பெனி விக்கறாங்க. நாலு கோர், 6 வாட் ப்ராசஸர், கரண்டே சாப்பிடாது. ப்ரவுசர், யூட்யூப், ஜூம், ஒரு கம்பெனி டேலின்னா ஓடும். ஆனா பத்து பன்னெண்டு டேப், பெரிய எக்செல், வாட்ஸ்அப் வெப் எல்லாம் ஒண்ணா திறந்தா ஐ5-8500க்கும் இதுக்கும் வித்தியாசம் கையிலயே தெரியும். ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல டேட்டா போற சேனலும் ஒண்ணுதான். அதவிட எனக்கு உறுத்தறது சர்வீஸ்தான், புதுசா வந்த பேர்ல விக்கறவங்களுக்கு நம்ம ஊர்ல சென்டர் இல்லன்னா போர்டு போனா மெஷினே போன மாதிரி. வயசானவங்க பேப்பர் படிக்க, வீடியோ கால் பேச, கடைல சிசிடிவி பாக்கன்னா சந்தோஷமா வாங்கலாம், நாள் முழுக்க உக்காந்து வேலை பாக்கற டேபிளுக்கு வேண்டாம்.

ஆல் இன் ஒன் பத்தி ரெண்டு வரி போதும். பாக்க அழகு, ஒயர் தொல்லை இல்ல, ஆனா உள்ள பெரும்பாலும் லேப்டாப் சாமான், டிஸ்ப்ளே போனா கம்ப்யூட்டரும் சேந்து சர்வீஸுக்குப் போகணும், கம்ப்யூட்டர் பழசானா நல்ல டிஸ்ப்ளேயும் சேந்து பழசாகணும். ரிசப்ஷன் அழகுக்கு தவிர நான் யாருக்கும் சொல்றதில்ல.

மேக் மினி தனிக் கதை. 2024 கடைசில வந்த எம்4 மாடல், அஞ்சு இன்ச்சுக்கு அஞ்சு இன்ச் பெட்டி, 16 ஜிபி ராம், 256 ஜிபி, இந்தியால 59,900 ரூபான்னு வந்துச்சு, டிஸ்கவுன்ட்ல அதவிட கம்மியாவும் கிடைச்சுது. அந்த காசுக்கு அந்த வேகமும் அமைதியும் வேற எதுலயும் இல்ல, இத மனசார சொல்றேன். போட்டோ, வீடியோ எடிட்டிங், கோடிங்னா கண்ண மூடிட்டு எடுக்கலாம். ஆனா டேலி விண்டோஸ்லதான் நேரா ஓடும், மேக்ல ஓட்ட சுத்தி வளைச்சு வேற சாஃப்ட்வேர், வேற செலவு. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வெச்சு வேலை பாக்கறவங்களுக்கும் விண்டோஸ்தான் நிம்மதி. வாங்கும்போது எடுத்த ராம்தான் கடைசி வரைக்கும், பின்னாடி கூட்ட முடியாது.

அப்ப நாலு பேர் இருக்கற ஆபீஸுக்கு என்ன பண்ணலாம்? எல்லாத்தையும் ஒரே மாதிரி வாங்கணும்னு அவசியமே இல்ல. டேலி டேட்டா இருக்கற மெஷின், பில்லிங் மெஷின் ரெண்டும் ஆன்சைட்டோட புது ப்ராண்டட். மத்தது எல்லாம் ஒரே மாடல் ரிஃபர்பிஷ்டு, அதுல ஒண்ணு கூடுதலா வாங்கி ஓரமா வெச்சுடுங்க, ஒண்ணு நின்னா எஸ்எஸ்டிய கழட்டி அதுல மாட்டி வேலைய தொடரலாம், ஒரே மாடலா இருந்தாத்தான் இந்த வசதி. ஜிஎஸ்டி ரெகுலர்ல இருக்கறவங்க பில்லோட வாங்குங்க, 18 சதவீதம் இன்புட்ல எடுத்துக்கலாம், வருமான வரிலயும் கம்ப்யூட்டருக்கு தேய்மானம் 40 சதவீதம் கிடைக்குது, பில் இல்லாம ரெண்டாயிரம் கம்மின்னு வாங்கினா இது ரெண்டுமே போச்சு.

கரண்டு செலவு கேப்பாங்க. டவருக்கும் மினிக்கும் 40 வாட் வித்தியாசம்னு வெச்சா, எட்டு மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள், 96 யூனிட். யூனிட் பத்து ரூபான்னே போட்டாலும் ஆயிரத்துக்குள்ளதான் வருது, இதுக்காக மட்டும் மினி பக்கம் போகத் தேவையில்ல. கரண்டு போறப்பதான் மினியோட அருமை தெரியும், அதே 600 விஏ யுபிஎஸ்ல டவரவிட ரொம்ப நேரம் நிக்கும். வீட்டு இன்வர்ட்டர்ல ஓட்டறவங்க அதுல யுபிஎஸ் மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கான்னு பாத்து அதுல போட்டுடுங்க, சாதா மோடுல மாறறதுக்குள்ள மெஷின் ரீஸ்டார்ட் ஆயிடலாம். லேசர் பிரிண்டர மட்டும் யுபிஎஸ்ல சொருகாதீங்க, சூடாகும்போது இழுக்கற லோடுல யுபிஎஸ் கத்திட்டு ட்ரிப் ஆகும். கேபினெட்டத் தொட்டா சுர்ருன்னு அடிக்குதுன்னா எர்த் இல்லன்னு அர்த்தம், பிளக் பாயின்ட்ட எலெக்ட்ரீஷியன் கிட்ட காட்டி சரி பண்ணிட்டு அப்பறம் புது மெஷின அதுல சொருகுங்க.