நீக்கல் முறையா, குறுக்குப் பெருக்கலா?

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. இருமாறி நேரியல் சமன்பாட்டுக்கு, அதாவது இரண்டு சமன்பாட்டை வைத்து இரண்டு தெரியாத எண்களைக் கண்டுபிடிப்பதற்கு, அவள் புத்தகத்தில் நான்கு முறைகள். நான்கையும் போட்டுக் குழம்பிப்போய், "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சித்தப்பா, அதையே பிடிச்சுக்கிறேன்" என்றாள். நான் நீக்கல் முறையைச் சொன்னேன். நான் படித்த காலத்திலும் அதுதான் என்னைக் காப்பாற்றியது.

வரைபடம், கோடுகள் வெட்டுவதைக் கண்ணால் காட்டத்தான். விடை பின்னமாக வந்தால் பென்சில் முனையின் தடிமனிலேயே அது தொலைந்துவிடும். பிரதியிடல், அதாவது ஒரு மாறியின் மதிப்பை மற்றதன் வழியாக எழுதி அடுத்த சமன்பாட்டில் போடுவது, ஒரு மாறி ஏற்கெனவே தனியாக நின்றால் அருமை, இல்லையென்றால் இரண்டாவது வரியிலேயே பின்னம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மிச்சம் இரண்டு, நீக்கலும் குறுக்குப் பெருக்கலும். மாறிகளை ப, ம என்று வைத்துக்கொள்வோம்:

7ப − 5ம = 11
3ப + 4ம = 17

நீக்கலில், ஒரு மாறியை அடித்துவிடுவதுதான் வேலை. முதல் வரியை 4 ஆலும் இரண்டாவதை 5 ஆலும் பெருக்கினால் 28ப − 20ம = 44, 15ப + 20ம = 85. கூட்டினால் 43ப = 129, ப = 3, அப்புறம் ம = 2. குறுக்குப் பெருக்கல், சமன்பாடுகளின் எண்களை மட்டும் எடுத்துக் குறுக்காகப் பெருக்கிக் கழிக்கும் சூத்திரம். அதில் 129, 86, 43 மூன்றும் வரும், ப = 129/43, ம = 86/43, விடை இதேதான். சூத்திரம் மனப்பாடமாக இருந்தால் வேகமாகவே வரும். அதை மறுக்கவில்லை.

தவறு நடந்தால் என்ன ஆகிறது என்பதில்தான் எனக்கு விஷயமே இருக்கிறது. குறுக்குப் பெருக்கலுக்கு 11, 17 இரண்டையும் இடப்பக்கம் கொண்டுபோய் −11, −17 ஆக்க வேண்டும். இவள் அதை மறந்துவிட்டாள். ப = −3, ம = −2 என்று வந்தது, பார்க்க அழகான முழு எண்கள், சந்தேகமே வராது. சரிபார்த்தால் தப்பு என்று தெரியும், எங்கே தப்பு என்று தெரியாது, ஏனென்றால் நடுவில் இருப்பதெல்லாம் வெறும் எண்கள். நீக்கலில் ஒவ்வொரு வரியும் ஒரு சமன்பாடு. மறுநாள் 17 × 5 = 75 என்று போட்டு 43ப = 119 வந்து நின்றாள். ஒரு வரி மேலே போய், எதை எதால் பெருக்கினோம் என்று பார்த்ததும் அவளே பிடித்துவிட்டாள், நான் வாயே திறக்கவில்லை. தீர்வே இல்லாத கணக்கிலும் அப்படித்தான். 2ப + 3ம = 7, 4ப + 6ம = 19 என்று கொடுத்தால் நீக்கல் 0 = 5 என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். குறுக்குப் பெருக்கலில் பின்னத்தின் அடியில் 0 வந்து முழிக்க வேண்டியதுதான்.

குறுக்குப் பெருக்கலின் அண்ணன்தான் பன்னிரண்டாம் வகுப்பில் வரும் கிராமரின் விதி. பத்து மாறி இருந்தால் 11 அணிக்கோவைகள் (சதுரமாக அடுக்கிய எண்களிலிருந்து கணக்கிடும் ஒரே மதிப்பு), ஒவ்வொன்றையும் விரித்தால் 36,28,800 உறுப்புகள். நீக்கலில் 430 பெருக்கல் வகுத்தலோடு வேலை முடிந்துவிடும். சரி, பத்து மாறியை யார் கையால் போடப்போகிறார்கள், நானே மூன்றுக்கு மேல் போனது இரண்டு தடவைதான், அதனால் இந்தக் கணக்கை அவளிடம் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. "குறுக்குப் பெருக்கல் முறையில் தீர்க்க" என்று பெயர் சொல்லியே கேட்டால் நீக்கலில் போட்டு மார்க் வாங்க முடியாது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு பத்துக் கணக்கு போடச் சொல்லியிருக்கிறேன், முதல் வேலையாக எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளிவிட்டு.