பிடுங்குவதா, நரம்பை எடுப்பதா, கூழைக் காப்பதா?

கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆழமாக இறங்கிவிட்டால் வழி மூன்று. பல்லையே பிடுங்கிவிடலாம். உள்ளே இருக்கும் பற்கூழை முழுக்க எடுத்துவிட்டு வேரை அடைக்கலாம். ரூட் கெனால் என்பது இதுதான். இல்லையென்றால் கூழை உயிரோடு விட்டு, அதன்மேல் மருந்துச் சிமெண்ட் வைத்து மூடலாம். ஈரோடு, திருப்பூர் பக்கம் பேச்செல்லாம் முதல் இரண்டைப் பற்றித்தான். "ஏனுங்க, ஒரேடியாப் புடுங்கிப் போட்டாத் தீந்துதுங்களே" என்பார் ஒருவர். "நரம்பை எடுத்துட்டாப் பல்லு நிக்குமுங்க" என்பார் இன்னொருவர். மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை. முடிகிற இடத்திலெல்லாம் என் ஓட்டு அதற்குத்தான்.

நரம்பு என்று நாம் சொல்லும் அந்தக் கூழில் நரம்பு ஒரு பங்குதான். ரத்தக் குழாய், இணைப்புத் திசு, கிருமியோடு சண்டை போடும் செல்கள் எல்லாம் உண்டு. 32 பல்லின் கூழையும் சேர்த்தாலும் அரை மில்லிலிட்டர்கூட வராது. ஆனால் வேலை பெரிது. அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள் ஆயுள் முழுக்க டென்டினை, அதாவது எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் கெட்டிப் பகுதியை, சுரக்கின்றன. சொத்தை மெதுவாக வந்தால் அந்த இடத்தில் மட்டும் கூடுதலாகச் சுரந்து தடுப்பு கட்டுகின்றன. வயதானவர்களின் எக்ஸ்ரேயில் கூழறை சுருங்கித் தெரிவது இந்தச் சுரப்பால்தான்.

பலவீனமும் உண்டு. சுற்றிலும் கெட்டிச் சுவர். ரத்தம் போய்வர வேர் நுனியில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. கூழ் வீங்கினால் விரிய இடமில்லை, அழுத்தம்தான் ஏறும். படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் ராத்திரி வலி உயிரை எடுக்கும்.

எந்த வழி என்பதைக் கூழின் நிலைதான் தீர்மானிக்க வேண்டும். குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்ப்பார்கள். சுரீர் என்று வந்து, பஞ்சை எடுத்ததும் அடங்கினால் கூழ் தேறக்கூடியது. எடுத்த பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று விண்விண்ணென்று தெறித்தால் அழற்சி முற்றிவிட்டது. பெரும்பாலும் ரூட் கெனால்தான். ஒன்றுமே தெரியவில்லையா? கூழ் செத்திருக்கலாம். நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். பத்து நாள் கிராம்புத் தைலமும் மாத்திரையுமாக ஓட்டி, திடீரென வலி நின்றதும் "சரியாப் போச்சுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். வலிக்க உள்ளே ஆளில்லை, அவ்வளவுதான். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குப் போய், அப்புறம் கன்னம் வீங்கித்தான் வருகிறார்கள்.

கூழைக் காப்பது புது யோசனை இல்லை. 1965-இலேயே ஓர் ஆய்வில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் கூழைத் திறந்துவிட்டபோது அது தானாக மூடிக்கொண்டது. சாதாரண எலிகளில் அழுகியது. எமன் கிருமிதான், ஓட்டை அல்ல. 1990-களில் எம்.டி.ஏ. என்ற மருந்துச் சிமெண்ட் வந்த பிறகு ஓட்டையைக் கிருமி புகாமல் அடைப்பது எளிதானது. சொத்தையைச் சுரண்டும்போது குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புத் துளி எட்டிப் பார்க்கும். மருந்து நனைத்த பஞ்சால் அழுத்தினால் சில நிமிடங்களில் ரத்தம் நிற்க வேண்டும். நின்றால் சிமெண்ட், நிற்காவிட்டால் மேல்பகுதிக் கூழை மட்டும் வெட்டி, வேரில் உள்ளதைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். இது தோற்றாலும் ரூட் கெனால் கையில் இருக்கிறது. ரூட் கெனால் செய்த பல்லுக்குக் கூழ் திரும்ப வராது.

ரூட் கெனாலைக் குறை சொல்ல வரவில்லை. கூழ் போனாலும் வேரைச் சுற்றிய தசைநார் உயிரோடு இருப்பதால் கடிக்கும் உணர்வு அப்படியே இருக்கும். கெடுப்பது அதற்குப் பிறகுதான். பல்லின்மேல் கேப், அதாவது உறை, போடச் சொன்னால் "மஞ்சள் வெட்டு முடியட்டுமுங்க" என்று தள்ளிப்போடுவார்கள். ஏற்கெனவே பாதி குடைந்த பல், முறுக்குக் கடிக்கையில் வேர்வரை பிளந்தால் பிடுங்குவதுதான் மிச்சம்.

பிடுங்குவது மலிவு, அன்றே முடியும். கோணலாக முளைத்த ஞானப்பல் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். மற்ற கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், பிறகு பிரிட்ஜோ (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) இம்பிளான்ட்டோ (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க ஆகும் செலவு ரூட் கெனாலைத் தாண்டும். பணம்தான் தடை என்றால் குமாரபாளையம், திருச்செங்கோடு, சூலூர் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளைப் பார்க்கலாம். மாணவர்கள் செய்வதால் நாலு நடை கூட நடக்க வேண்டியிருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லை விழுகிற பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அது விழாது. அதன் வேர் முழுசாக வளர்ந்து நுனி மூட ஒன்பது, பத்து வயதாகும். வேரை வளர்ப்பதே கூழ்தான். அதற்குள் கூழ் செத்தால் சுவர் மெலிந்து, நுனி திறந்த வேர் மிஞ்சும். அதில் சாதாரண ரூட் கெனால் செய்வதும் கஷ்டம்.