சிடேப் 100 கிராம் புட்டி: கல்லூரி ஆய்வகத்துக்கு ஏற்றதா?

செட்டில் டிரைமெத்தில் அமோனியம் புரோமைடு, ஆய்வகப் பேச்சில் சிடேப், என்னும் வெள்ளைத் தூளின் 100 கிராம் புட்டியைப் பாலக்காட்டில் கல்லூரிகளுக்கு வேதிப்பொருள் கொடுக்கும் கடையொன்றில் வாங்கி, சித்தூர் வட்டத்தில் நான் கற்பிக்கும் கல்லூரியின் முதுநிலை மாணவர்களுக்குப் பயன்படுத்தி வருகிறேன். சிடேப் ஒரு சர்பாக்டன்ட், அதாவது சோப்பைப் போல நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட மூலக்கூறு. மின்சுமை கொண்ட உலோக ஆக்சைடுக் கொத்துகள் (உலோக அணுக்களும் ஆக்சிஜனும் சேர்ந்த பெரிய அயனிகள்) கரைசலில் ஒன்றுகூடும் விதத்தை அது எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டுவதே நோக்கம். அதற்கு இத்தூள் நன்றாகவே உதவுகிறது. ஆனால் புட்டியில் அச்சிடப்படாத ஒரு வெப்பநிலை தெரியாமல் வாங்குபவர் ஏமாந்துபோவார்.

இதனுடன் சேர்க்க வேண்டிய கொத்துக்குச் சிலிக்கோடங்ஸ்டிக் அமிலத்தையே பரிந்துரைக்கிறேன். கடையில் முதலில் எடுத்து நீட்டுவது பாஸ்போடங்ஸ்டிக் அமிலம்தான். “மாஷே (ஆசிரியரே), எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க” என்றும் சொல்வார்கள். அதை மிகவும் நீர்த்தால் அமிலத்தன்மை குறைந்து கொத்தே சிதையத் தொடங்கும் என்பதால், நாம் அளப்பது எதை என்ற குழப்பம் வரும். சிலிக்கோடங்ஸ்டேட் அவ்வளவு எளிதில் குலைவதில்லை. பன்னிரண்டு டங்ஸ்டன் அணுக்கள் கொண்ட இந்தக் கொத்தின் (கெக்கின் வகை என்பார்கள்) அகலம் ஏறத்தாழ 1 நானோமீட்டர். அதன் எதிர்மின்சுமை நான்கு.

கொத்துக் கரைசலில் சிடேப் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், நேர்மின் தலைகள் கொத்தின் மேல் ஒட்டிக்கொள்ள, நீரை வெறுக்கும் பதினாறு கார்பன் வால்கள் ஒன்றையொன்று நாடி, பக்கத்துக் கொத்துகளையும் சேர்த்து இழுக்கின்றன. கரைசல் முதலில் மங்கும். ஒரு கொத்துக்கு நான்கு சிடேப் என்ற விகிதத்தை நெருங்கும்போது வெண்மையாகத் திரண்டு படியும். சிடேப் தானாக மிசெல் (வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயும் அமைந்த மூலக்கூறுத் திரள்) அமைக்கத் தொடங்கும் செறிவு ஏறக்குறைய 0.9 மில்லிமோலார், மங்கலோ அதற்கு வெகு கீழேயே தோன்றிவிடும். மிசெல் உருவாகும் முன்பே மின்கவர்ச்சி வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பதை மாணவர்கள் இதிலிருந்து தாமாகவே கண்டுகொள்கிறார்கள். எதிர்மின் தலை கொண்ட சர்பாக்டன்டான எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசில் சல்பேட்) கரைசலை அதே அளவு விட்டால் கலவை தெளிவாகவே நிற்கும் என்பதால், அந்த ஒப்பீட்டுச் சோதனைக்குழாயை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. மங்கல் கண்ணுக்குத் தெரியும் முன்னரே பச்சை லேசர் ஒளியைச் செலுத்தினால் அதன் பாதை கரைசலுக்குள் தெரியும்.

இனி அந்த வெப்பநிலை. சிடேப்பின் கிராஃப்ட் வெப்பநிலை ஏறத்தாழ 25 டிகிரி. அதற்குக் கீழே இதன் கரைதிறன் சட்டென்று குறைகிறது. சித்திரை வெயிலில் இங்கே யாருக்கும் இது பொருட்டாகாது. மார்கழியில், பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று இரவெல்லாம் வீசிய பிறகு, காலையில் 20 மில்லிமோலார் இருப்புக் கரைசலைப் பார்த்தால் அடியில் ஊசி ஊசியாகப் படிகங்கள் நிற்கும். அவற்றைக் கொத்தின் வீழ்படிவு என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் 35 டிகிரியில் வைத்தால் படிகங்கள் கரைந்துவிடும். கொத்துடன் சேர்ந்த வீழ்படிவு கரையாது. தூய்மை விழுக்காட்டைப் பெரிய எழுத்தில் அச்சிடும் தயாரிப்பாளர் இந்த ஓர் எண்ணையும் சேர்த்தால் பல ஆய்வகங்களின் காலைப்பொழுது வீணாகாது. சிடேப்பைப் போன்றதே, ஆனால் பன்னிரண்டு கார்பன் வால் கொண்ட டிடேப் இந்தக் குளிரில் படிகமாகாது என்றாலும், அதன் மிசெல் செறிவு ஏறக்குறைய 15 மில்லிமோலார். வாலில் இரண்டு கார்பன் கூடும்போதெல்லாம் அச்செறிவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது என்பதைக் காட்ட இரண்டையும் வாங்குவது நல்லது. ஆனால் இக்கடையில் டிடேப்பைச் சொல்லி வரவழைக்க வேண்டும்.

பெரிய கொத்துகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு இப்புட்டி மட்டும் போதாது. 132 மாலிப்டினம் அணுக்களும் 42 எதிர்மின்சுமையும் கொண்ட கோளக்கொத்தை, இரட்டை வால் சர்பாக்டன்ட் மூலக்கூறுகள் நாற்பது அளவில் போர்த்திக் கரிமக் கரைப்பானுக்குக் கொண்டுசெல்ல முடியும். 154 மாலிப்டினம் கொண்ட சக்கரக்கொத்துகளோ, எந்தச் சர்பாக்டன்டும் இல்லாமலே நீரில் ஆயிரத்துக்கும் மேலாகக் கூடி உள்ளீடற்ற கோளங்களாவதைத் வேதியியலாளர் தியான்போ லியுவின் குழு 2003இல் வெளியிட்டது. அவற்றை அளக்க ஒளிச்சிதறல் கருவி வேண்டும். அது நம் கடைவீதிச் சரக்கு அல்ல.

தூளின் தரத்தில் குறை காணவில்லை. மூடிதான் மோசம்: எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதும் ஈரம் இழுத்துத் தூள் கட்டிப்படுகிறது, எனவே புட்டியை உலர்த்துகலனுக்குள் வைக்க வேண்டும். கேட்டால் பிளாஸ்டிக் பையில் சில்லறையாக நிறுத்தும் தருகிறார்கள். எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற அடையாளம் அதில் இருக்காது என்பதால் வாங்க வேண்டாம். தூள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும், மீன்களுக்குக் கடும் நஞ்சு. ஆகவே கழிவைத் தொட்டியில் ஊற்றிச் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு அனுப்பாமல் தனிக் கலனில் சேர்க்க வேண்டும். 100 கிராமில் 20 மில்லிமோலார் கரைசல் பதின்மூன்று லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஒரு துறைக்கு அது மிக அதிகம் என்பதால், 25 கிராம் புட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.