பெர்சே: பாறைக்காகப் போய்ப் பறவைகளிடம் நின்றுவிட்ட பயணம்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், காஸ்பே தீபகற்ப முனையில் கரையை ஒட்டிக் கடலுக்குள் நிற்கும் பெர்சே பாறையைப் படங்களில் பார்த்துப் பழகியவர்களையும், மேட்டுச் சாலையிலிருந்து இறங்கும்போது கிடைக்கும் முதல் காட்சி ஏமாற்றாது. 400 மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 88 மீட்டர் உயரமும் கொண்ட இந்தச் சுண்ணாம்புப் பாறையின் கடற்பக்க முனையில் அலைகள் குடைந்த வளைவொன்று இருக்கிறது. துளைபட்டது என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லே பாறைக்கும் ஊருக்கும் பெயராயிற்று. முன்பு இருந்த மற்றொரு வளைவு 1845-இல் இடிந்து விழுந்துவிட, அதன் வெளித்தூண் மட்டும் தனியே நிற்கிறது. பாறை இன்றும் உதிர்ந்துகொண்டே இருப்பதால், கடல் வற்றிய வேளையில்கூட அதன் அடியை நெருங்க வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள்.

ஆகவே அருகில் சென்று பார்க்கப் படகுதான் வழி. நாங்கள் ஏறிய படகைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. பாறையின் ஒரு பக்கத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிட்டார்கள். வலப்புறம் அமர்ந்திருந்தவர்களுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுகளே காட்சியாயின. ஒலிபெருக்கியில் வந்த விளக்கம் இயந்திர இரைச்சலில் கரைந்துபோனது. ஏறும்போதே இடப்புறம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

படகு அருகிலுள்ள போனவென்ச்சர் தீவின் கிழக்குப் பக்கம் திரும்பியதும் அந்தக் குறை மறந்துவிட்டது. செங்குத்தான செம்பாறைச் சுவரின் ஒவ்வொரு விளிம்பிலும் கிட்டிவேக், கில்லிமோட் என்னும் கடற்பறவைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, கீழே பாறைத் திட்டுகளில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் எங்களைப் பொருட்படுத்தாமல் படுத்திருந்தன. பிறகு தீவில் இறக்கிவிடுகிறார்கள். மீனவக் குடும்பங்கள் ஒருகாலத்தில் வாழ்ந்த மரவீடுகளைக் கடந்து, ஃபிர் மரக் காட்டின் ஊடாக மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் நடக்க வேண்டும். ஏற்றம் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் நேரத்தைத் தாராளமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

காடு முடிவதற்கு முன்பே எச்சத்தின் வீச்சமும் ஆயிரக்கணக்கான தொண்டைகளின் கரகரப்பும் வந்துவிடுகின்றன. மரங்கள் விலகியதும் தரையே வெள்ளையாகத் தெரிகிறது. அத்தனையும் கேனட் என்னும் பெரிய வெண்ணிறக் கடற்பறவைகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை கூடும் இந்தக் குடியிருப்பு உலகின் மிகப் பெரிய கேனட் குடியிருப்புகளுள் ஒன்று. கயிற்று வேலிக்கு அப்பால், கை நீட்டினால் தொடும் தொலைவில், மஞ்சள் பூசினாற்போன்ற தலையும் வெளிர்நீலக் கண்ணுமாக ஒரு பறவை கூட்டில் அமர்ந்திருந்தது. அதன் துணை இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைவான சிறகுகளை விரித்தபடி தடுமாறி வந்து இறங்கியதும், இரண்டும் கழுத்தை நிமிர்த்தி, அலகோடு அலகை வாள்போல உரசிக்கொண்டன. பக்கத்துக் கூட்டுக்காரர் ஓர் அங்குலம் எல்லை மீறியதற்குக் கிடைத்த கொத்து, ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு மிகவும் பழக்கமான காட்சி. ஆண்டுக்கு ஒரே முட்டை. அதைச் சவ்வுப் பாதங்களால் போர்த்தித்தான் சூடேற்றுகின்றன. தாயும் தந்தையும் முறைவைத்துக் கடலுக்குப் போய் மீனோடு திரும்புகின்றன; நாங்கள் பார்த்த பஞ்சுக் குஞ்சு தந்தையின் தொண்டைக்குள் தலையையே நுழைத்து உண்டது.

2022-இல் பறவைக் காய்ச்சல் இக்குடியிருப்பையும் தாக்கியது. அந்த நோயில் பிழைத்த சில கேனட்களின் வெளிர்நீல விழிகள் கருத்துப்போயிருப்பதை ஸ்காட்லாந்தில் கேனட்கள் கூடும் பாஸ் பாறை என்னும் தீவில் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அதை அறிந்திருந்ததால் ஒவ்வொரு பறவையின் கண்ணையும் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்த ஒரு மணி நேரத்தில் கிளம்பியாக வேண்டிய சுற்றுலாக் குழுவினருக்கு அந்த வாய்ப்பில்லை.

படகுக் கட்டணமும், தீவை உள்ளடக்கிய தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணமும் தனித்தனி என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மே மாத இறுதியிலிருந்து அக்டோபர் வரைதான் தீவு திறந்திருக்கும். காலையின் முதல் படகில் போய், கூடியவரை பிந்திய படகில் திரும்புங்கள். ஆனால் கடைசிப் படகுக்கு வரிசை நீளும், அதில் நாற்பது நிமிடம் குளிர்காற்றில் நின்றேன். தொப்பி கட்டாயம் வேண்டும். வெயிலுக்காக அல்ல, தலைக்கு மேலே பறப்பவர்களுக்காக.